விதானமும் வரம்பும்

மனிதன் தன் தலைக்கு மேலே கட்டிக்கொண்ட ஒவ்வொன்றுக்கும் தமிழிலே தனிப் பெயர் உண்டு. மழையையும் வெயிலையும் நேரே எதிர்கொள்வது கூரை. அதன் உச்சியிலே ஓடும் கோடு முகடு. பொருள்களை ஏற்றி வைப்பதற்குக் குறுக்கே அமைப்பது பரண். பலகை பரப்பிய மேல்தளம் மச்சு. நன்மைக்கும் தீமைக்கும் முற்றத்தில் எழுவது பந்தல். கூரைக்கும் தலைக்கும் இடையே, கூரையின் உட்புறத்தை மறைத்துப் பரந்து நிற்பது விதானம். துணியினாற் கட்டப்பட்டால் அதனையே மேற்கட்டி என்கிறோம். இன்று மன்னாரில் வீடு கட்டும் மேசன்மாரிடம் கேட்டால் ‘சீலிங்’ என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடுவார்கள். விதானம் என்ற சொல் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் புத்தகத்துக்கும் உரியதாய் ஒதுங்கிவிட்டது.

சொற்பிறப்பு ஆராய்ச்சியிலே பொழுதைக் கழிப்பது எமது நோக்கமன்று. ஆயினும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு நடந்தால், அச்சொல்லை வழங்கிய சமுதாயத்தின் மனச்சாட்சிக்குள்ளே நுழைந்துவிடலாம். விதானத்தைப் பற்றிக்கொண்டு நடப்போர் முன்னே ஓர் அறவியற் கேள்வி வந்து நிற்கிறது. ஒரு மனிதனின் தலைக்கு மேலே ‘இதற்கு மேல் உனக்கு இல்லை’ என்று வரம்பிடுவது எப்போது நீதியாகும், எப்போது அநீதியாகும்? வரம்பு என்றாலே அடக்குமுறை என்பாரும் உளர். வரம்பு என்றாலே ஒழுங்கு என்பாரும் உளர். இரு சாராருமே அவசரப்படுகின்றனர் என்பது எமது கருத்து.

விதானம் வடமொழிச் சொல். விரித்துப் பரப்பப்பட்டது என்பது அதன் அடிப்பொருள். தலைக்கு மேலே நாலு முனையும் இழுத்துக் கட்டிய துணிதான் முதலில் விதானம். கல்லிலும் மரத்திலும் சுண்ணத்திலும் அமைந்தவை பின்னரே அப்பெயரைப் பெற்றன. பாளி மொழியிலும் அதே சொல் வழங்குகிறது. சிங்களத்திலே அது ‘வியன’ என மருவி, புத்தர் சிலைக்கு மேலே கட்டும் மேற்கட்டிக்குப் பெயராயிற்று. இத்தீவின் இரு மொழிகளும் தாம் வணங்கும் பொருளுக்கு மேலே ஒரே சொல்லைத்தான் கட்டி வைத்திருக்கின்றன. அச்சொல்லின் கீழே நிற்போர் இதனை நினைத்துப் பார்ப்பது அரிது.

வடமொழியிலே முதலாம் தகரம் பெற்ற இச்சொல்லைப் போலவே, நான்காம் தகரம் பெற்ற வேறொரு சொல்லும் உண்டு. அதன் பொருள் விதித்தல், முறைமை, ஏற்பாடு என்பன. தமிழ் எழுத்து இவ்விரு தகரங்களையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. எனவே இரண்டும் தமிழிலே ‘விதானம்’ என்ற ஒரே உருவம் பெற்றுவிட்டன. தலைக்கு மேலுள்ள நிழலும் தலைக்கு மேலுள்ள கட்டளையும் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. இரண்டாம் சொல்லின் வழியே வந்தவர் எமது கிராமங்களின் ‘விதானையார்’. விதானை முறை 1963ஆம் ஆண்டிலே ஒழிக்கப்பட்டு, கிராம சேவகர் பதவி ஏற்பட்டது; இன்று அவர் கிராம அலுவலர். ஆயினும் நானாட்டானிலும் பேசாலையிலும் முதியோர் வாயில் அவர் இன்னமும் விதானையாரே. அவருடைய கையொப்பமின்றி வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க இயலாது. விதானையாரின் கடிதமின்றி விதானமில்லை என்று எமது மாணவன் ஒருவன் வேடிக்கையாய்ச் சொன்னான். அந்த வேடிக்கையிலே இக்கட்டுரையின் பாதிக்குமேல் அடங்கியிருக்கிறது.

கூரை இருக்கும்போது விதானம் எதற்கு? மன்னார் வெயிலிலே வாழ்வோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பனையோலையாலும் கிடுகாலும் வேய்ந்த கூரை தானே குளிர்ச்சி தரும். அதற்கு விதானம் வேண்டியதில்லை. ஆனால் ஓலை ஈராண்டில் உக்கும். தீப்பொறி பட்டால் கணத்திலே சாம்பராகும். தகரக் கூரை தீக்கு அஞ்சாது. ஆனால் நண்பகலிலே அதுவே அடுப்பாகிவிடும். தகரம் உறிஞ்சிய வெப்பம் கீழ்நோக்கிக் கொட்டும். அதனைத் தடுக்கவே கூரைக்குக் கீழே ஒரு தளத்தை அமைத்து, இரண்டுக்கும் இடையே காற்றைத் தேக்கி வைக்கிறார்கள். ஒலிக்கும் அதுவே தடை. விதானமில்லாத வகுப்பறையிலே மாரி மழை தகரத்தில் விழும்போது ஆசிரியனின் குரல் முன் வரிசைக்கும் எட்டாது. பாடத்தை நிறுத்திவிட்டு மழை ஓயும்வரை காத்திருப்பது எம்போன்றோர்க்குப் பழகிப்போன செயல்.

ஆகவே கூரை வானத்திடமிருந்து மனிதனைக் காக்கிறது; விதானம் கூரையிடமிருந்து மனிதனைக் காக்கிறது. காப்பது எதுவோ அதுவே சுடவும் கூடும் என்பதை மனிதன் வீடு கட்டும்போதே கண்டுகொண்டான். அரசு கட்டும்போதும் இதே பாடம் வேண்டும் என்பதைப் பின்னர் காண்போம்.

தலைக்கு மேல் வரம்பிடுதல் என்பதன் முதல் வகையைக் காண மன்னார்க் கரையிலுள்ள அரிப்புக்குப் போகவேண்டும். அருவியாறு கடலைச் சேரும் இடம் அது. 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், தோழர் ஒருவரோடு காட்டாற்று வழியே தப்பி வந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். இரண்டு ஆண்டுகளின் பின் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், கண்டிக் குடிமக்களின் வீடுகளைப் பற்றி ஒரு செய்தி தருகிறது. அம்மக்கள் ஒரு தட்டுக்கு மேல் வீடு கட்டலாகாது. கூரைக்கு ஓடு போடலாகாது. சுவருக்குச் சுண்ணாம்பு பூசலாகாது. களிமண் இருந்தது, சுண்ணாம்பு இருந்தது, ஓடு சுடத் தெரிந்தவனும் இருந்தான். இருந்தும் அனுமதி இல்லை. குடியானவன் வீடு குடியானவன் வீடாகவே தோன்றவேண்டும் என்பது விதி.

நொக்ஸ் கரையேறிய அதே அரிப்பிலே, ஒன்றேகால் நூற்றாண்டின் பின், ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்வதற்கு ஒரு மாளிகை எழுப்பினார். 1801க்கும் 1804க்கும் இடையே, கிரேக்க டோரிக் பாணித் தூண்களோடு, செங்கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும் கொண்டு அது கட்டப்பட்டது. மொட்டைமாடியில் ஏறி நின்றால் முத்துப் படுக்கைகள் இருக்கும் கடற்பரப்பைப் பார்க்கலாம். எமது மக்கள் அதனை அல்லிராணிக் கோட்டை என்று கதைகட்டி அழைக்கின்றனர். சலாபக் காலத்திலே அக்கரை ஒரு தற்காலிக நகரமாகும். கீழக்கரையிலிருந்தும் பிற கரைகளிலிருந்தும் குளிகாரர் வருவர். இடுப்பிலே கயிறும் காலிலே கல்லுமாய் மூச்சை அடக்கிக் கடலடிக்குச் செல்வர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, அவர்கள் மேலே கொண்டுவந்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு அவர்களுக்கும் உரியதாயிருந்தது. இரவிலே அவர்கள் தலைக்கு மேலிருந்தவை கம்பும் ஓலையும். தேசாதிபதியின் தலைக்கு மேலிருந்தது, கடலடியிலிருந்து வந்த சிப்பியைச் சுட்டு அரைத்துப் பூசிய வெண்சுண்ணம்.

அம்மாளிகை இன்று கூரையுமின்றி விதானமுமின்றி நிற்கிறது. கடல் கரையை அரித்துக்கொண்டே வருகிறது. சுவர்கள் ஒவ்வொன்றாய்ச் சரிகின்றன. காலம் பழிவாங்கியது என்று சிலர் ஆறுதல் சொல்வர். அந்த ஆறுதலில் எமக்கு நம்பிக்கை இல்லை. மாளிகை விழுந்ததால் எந்தக் கொட்டிலும் உயர்ந்துவிடவில்லை. காலம் கூரைகளை அழிக்கும்; பகிர்ந்து கொடுக்காது. பகிர்வது மனிதரின் வேலை.

கண்டி மன்னனின் விதியையும் வெள்ளைத் தேசாதிபதியின் மாளிகையையும் சொல்லிவிட்டு எமது சொந்த வீட்டைப் பற்றி மௌனஞ் சாதித்தல் நேர்மையாகாது. யாழ்ப்பாணத்திலே திருமணத்துக்கும் மரணத்துக்கும் ‘வெள்ளை கட்டுதல்’ என்ற வழக்கம் இருந்தது. சலவைத் தொழிலாளர் வந்து, வெளுத்த துணியை வீட்டினுள்ளே மேற்கட்டியாகக் கட்டுவர். மணமக்கள் நடந்துவர நிலபாவாடை விரிப்பர். அது மரியாதைச் சின்னம். ஒடுக்கப்பட்ட சாதியினர் வீட்டிலே அவ்வெள்ளை ஏறலாகாது என்று வைத்தனர். துணிக்குப் பஞ்சமா? இல்லை. அதனை வெளுத்து, உலர்த்தி, தன் கையாலே உயர்த்திக் கட்டியவனுடைய வீட்டுக்கே அதன் மரியாதை உரித்தாகவில்லை. விதானத்தை ஆக்குபவன் விதானத்துக்கு வெளியே நின்றான். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957ஆம் ஆண்டிலே நிறைவேறியது. ஆயினும் 1966 முதல் தேநீர்க் கடைகளின் வாசலிலும் கோயில்களின் வாசலிலும் போராட்டம் நடத்தித்தான் அச்சட்டத்துக்கு உயிர் கொடுக்க வேண்டியிருந்தது.

இவை எல்லாம் ஒரே வகை வரம்பு. மேலிருப்போர் கீழிருப்போரின் தலைக்கு மேல் இட்ட வரம்பு. இதனால் எவருக்கும் ஒரு பிடி சோறு கூடியதில்லை. கண்டிக் குடியானவன் ஓடு போடாததால் வேறொருவனுக்கு ஓடு கிடைத்ததில்லை. ஒடுக்கப்பட்டவன் வீட்டில் வெள்ளை கட்டாததால் வேறொருவன் நிர்வாணம் நீங்கியதில்லை. வேற்றுமை தெரியவேண்டும் என்பதற்காக மட்டுமே இட்ட வரம்பு இது. இதன் நவீன உருவத்தை அமெரிக்கப் பெண்கள் ‘கண்ணாடி விதானம்’ என்று பெயரிட்டு அழைத்தனர். கண்ணுக்குத் தெரியாது; எழுந்து நின்றால் தலை இடிக்கும். சட்டத்தில் எழுதப்படாத வரம்புகளே நீண்ட நாள் வாழ்கின்றன என்பதை எமது சாதி வழக்கங்களும் அறியும்.

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். ஆங்கிலேயர் வீட்டு விதானத்துக்கு வழங்கிய சொல்லையே விலைக்கும் கூலிக்கும் உடைமைக்கும் இடும் மேல் எல்லைக்கும் ஆகுபெயராய் வழங்கினர். அதனைத் தமிழாக்கியோர் ‘விதானம்’ என்று மொழிபெயர்க்கவில்லை, ‘உச்சவரம்பு’ என்றனர். அறிந்தோ அறியாமலோ அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தனர். வீட்டின் மேலே இருந்த உருவகத்தை வயலிலே கொண்டுவந்து இறக்கினர். வரம்பு என்பது எங்கே இருக்கிறது? கட்டுக்கரைக் குளத்தின் கீழே முருங்கனிலும் உயிலங்குளத்திலும் நெல் விளையும் வயல்களின் காலடியிலே இருக்கிறது. வரம்பு இல்லையேல் நீர் நில்லாது. மேட்டு வயலின் நீர் முழுவதும் பள்ளத்தை நோக்கி ஓடும். மேட்டு வயல் காயும், பள்ளத்து வயல் அழுகும். வரம்பு நீரைச் சிறைப்பிடிப்பதற்காக ஏற்பட்டதன்று. எல்லா வேருக்கும் நீர் எட்டுவதற்காக ஏற்பட்டது. ஔவையார் பேரில் வழங்கும் வாழ்த்து ஒன்று வயல் வரம்பின் உயர்விலே தொடங்கி அரசனின் உயர்விலே முடிவதைத் தமிழ் கற்றோர் அறிவர். அவ்வாழ்த்திலே அரசு கடைசிப் படி. முதற் படி மண்வரம்பு.

தமிழ்நாட்டிலே நில உச்சவரம்புச் சட்டம் 1961ஆம் ஆண்டில் வந்தது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வகுத்தது. 1970இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. இலங்கையிலே 1971ஆம் ஆண்டு இளைஞர் கிளர்ச்சியின் பின், 1972இன் முதலாம் இலக்க நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஒருவருக்கு 50 ஏக்கருக்கு மேலோ, நெற்காணியாயின் 25 ஏக்கருக்கு மேலோ ஆகாது என்றது அது. அடுத்த ஆண்டிலே வீடுகளுக்கும் உச்சவரம்பு வந்தது. வீடமைப்பு அமைச்சராயிருந்த பீற்றர் கெனமனின் காலத்து 1973இன் முதலாம் இலக்கச் சட்டம் அது. தனியொருவர் இரண்டு வீடுகளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. தங்கி வாழும் பிள்ளைகள் உடையவர், அப்பிள்ளைகளின் தொகையோடு இரண்டைக் கூட்டிய எண்ணிக்கைக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. மிகுதி வீட்டிலே குடியிருந்த வாடகையாளர் அதனை வாங்க விண்ணப்பிக்கலாம். ஒருவன் தலைக்கு மேல் எத்தனை விதானம் இருக்கலாம் என்று ஒரு நாடு எண்ணிப் பார்த்துச் சட்டம் இயற்றியது, சிந்திக்கற்பாலதொரு நிகழ்ச்சியாகும்.

இவ்விடத்திலே எதிர்வாதம் எழும். அது அற்பமானதன்று. “வியர்வை சிந்திச் சம்பாதித்தவனை இரண்டாம் வீட்டோடு நில் என்பது எவ்வகையில் நியாயம்? ஓடு போடாதே என்ற கண்டி மன்னனுக்கும், ஐம்பதோடு நில் என்ற பாராளுமன்றத்துக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் மனிதனின் உயர்ச்சிக்குத் தடை அல்லவா? வானமே எல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரே உச்சவரம்பை ஆதரிக்கலாமா?” என்று கேட்பர்.

வேறுபாடு உண்டு. அதனைக் கண்டறியும் உரைகல்லும் உண்டு. வரம்பு இடப்பட்ட பின் நிழல் பெற்ற தலைகளின் தொகை கூடிற்றா, குறைந்ததா என்று கேளுங்கள். கண்டி விதியாலே ஒரு தலைக்கும் நிழல் கூடவில்லை. வெள்ளைத் துணித் தடையாலே ஒரு தலைக்கும் நிழல் கூடவில்லை. பத்து வீடு வைத்திருந்தவனின் எட்டாம் வீடு அதிலே குடியிருந்தவனுக்கு உரியதாகும்போது, ஒருவனின் நிழல் குறையாமலே மற்றொருவனின் அச்சம் நீங்குகிறது. ஏனெனில் பத்து வீடு உடையவனும் ஓர் இரவிலே ஒரு விதானத்தின் கீழேதான் உறங்குகிறான். எஞ்சிய ஒன்பதும் அவனுக்கு நிழலாய் இருப்பதில்லை, பிறர் மேல் அதிகாரமாய் இருக்கின்றன. வாடகைக்கு இருப்போனை அடுத்த மாதம் வெளியே போ என்று சொல்லும் அதிகாரம் அது. உச்சவரம்பு பறிப்பது நிழலையன்று, அந்த அதிகாரத்தையே.

உடலின் தேவைக்கு எல்லை உண்டு என்பது எமது மரபுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 189ஆம் பாடலிலே நக்கீரனார், உலகத்தை ஒரு குடைக்கீழ் ஆள்பவனுக்கும் நள்ளிரவிலும் நண்பகலிலும் விலங்கு தேடித் திரியும் கல்லாதவனுக்கும் உணவின் அளவும் உடையின் எண்ணிக்கையும் ஒன்றே என்று கணக்குப் பார்த்துவிட்டார். அரசனின் குடையும் ஒரு விதானமே. அதன் கீழே இருப்பவனின் வயிறோ எல்லோருடையதையும் போன்ற வயிறு. 1886ஆம் ஆண்டிலே தோல்ஸ்தோய் எழுதிய கதையில், சூரியன் மறையுமுன் சுற்றி வந்த நிலமெல்லாம் தனக்கே என்று ஓடியவன் முடிவிலே ஆறடி மண் பெற்றான். ஆனால் நக்கீரனாரும் தோல்ஸ்தோயும் உடையவனின் உள்ளத்தை நோக்கிப் பேசினர். ஈத்துவக்கச் சொன்னார்கள், அல்லது இறப்பை நினைக்கச் சொன்னார்கள். ஈவோன் மனமிரங்கும்வரை இல்லாதவன் மழையில் நிற்கவேண்டுமா என்ற கேள்வி எஞ்சுகிறது. அதற்கு விடை கூறவே சட்டம் வேண்டியதாயிற்று.

சட்டம் வந்தால் நீதி வந்துவிடுமா? அவ்வாறு எண்ணிவிடலாகாது. தமிழ்நாட்டில் உச்சவரம்பு சட்டமாகி ஏழாண்டுகளின் பின், 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவிலே, கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள்ளே எரிக்கப்பட்டன. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளரின் குடும்பங்கள் அவை. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தாக்குதலுக்கு அஞ்சி ஒரு கூரையின் கீழ் ஒடுங்கியவர்களுக்கு அக்கூரையே சிதையாயிற்று. செல்வரான நிலக்கிழார்கள் தாமே நடந்து சென்று தீயிட்டிருப்பர் என்பது நம்பற்கரிது என்ற பொருள்பட உயர்நீதிமன்றம் பின்னர் தீர்ப்புரைத்து அவர்களை விடுவித்தது. புத்தகத்திலே எழுதிய வரம்பு பினாமிப் பெயர்களில் கரைந்து போயிருந்தது. நிலத்தில் அதிகாரம் முன்போலவே குவிந்து கிடந்தது.

இலங்கையின் கதையும் மாசற்றதன்று. 1972இன் சட்டம் தனியாரின் நிலத்துக்கு வரம்பிட்டதேயன்றி, பெருந்தோட்டக் கொம்பனிகளை 1975வரை தொடவில்லை. தொட்ட பின்னர் நிகழ்ந்தது யாது? அத்தோட்டங்களைக் காடழித்து உருவாக்கிய மலையகத் தமிழ்த் தொழிலாளர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலே முன்னரே நாடற்றோர் ஆக்கப்பட்டிருந்தனர். காணி பங்கிடப்பட்டபோது அவர்கள் கையில் ஒரு துண்டும் விழவில்லை. எழுபதுகளின் உணவுப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தோர் பலர். சில தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டோர் பலர். அவர்களிலே பல குடும்பங்கள் வன்னிக்கு வந்து காட்டோரத்திலே கொட்டில் போட்டன. தகரக் கூரை லயத்திலே வாழ்ந்தவர்கள் அத்தகரத்தையும் இழந்தனர். மேலிருந்து எடுப்பது மட்டும் போதாது. எடுத்தது அடியிலுள்ள வேருக்கு எட்டவேண்டும். இடையிலே இனத்தின் பேரால் ஒரு வாய்க்கால் வெட்டி நீரை வேறு பக்கம் திருப்பிவிட்டால், வரம்பு உயர்ந்தும் பயிர் காயும். உரைகல்லை மறுபடியும் எடுத்துக் கேளுங்கள்: நிழல் பெற்ற தலைகள் கூடினவா?

இங்கேதான் கூரைக்கும் விதானத்துக்கும் முன்னர் சொன்ன வேறுபாடு பயன்படுகிறது. அரசு ஒரு கூரை. பெருநிலக்கிழாரிடமிருந்தும் வட்டிக்காரனிடமிருந்தும் கொள்ளையனிடமிருந்தும் எளியோரைக் காக்க அது வேண்டும். ஆயினும் நண்பகலிலே சுடுவதும் அதுவே. குடிமகனுக்கு 50 ஏக்கர் என்று வரம்பிட்டவர்கள், ஆயுதம் தாங்கிய அதிகாரத்துக்கு எத்தனை ஏக்கர் என்று வரம்பிட்டார்களா?

மன்னார் மக்கள் இதனைப் பட்டறிந்தவர்கள். அரசாயினும் அரசை எதிர்த்து எழுந்த படையாயினும், துப்பாக்கி ஏந்திய எல்லாக் கூரையும் இக்கரையைச் சுட்டிருக்கிறது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டியிலிருந்தும் தீவின் ஏனைய ஊர்களிலிருந்தும் மக்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். கல்வீட்டில் வாழ்ந்தோர் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களிலே பிள்ளை பெற்று வளர்த்தனர். அவ்வாண்டிலேயே மடுவிலும் பேசாலையிலும் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் உதவியோடு புகலிட நிலையங்கள் அமைந்தன. அரச படைகளுக்கும் புலிகளுக்கும் இடையே சிக்கிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே தறப்பாளின் கீழே ஒதுங்கின. தறப்பாள் என்பது யாது? நாலு முனையிலும் இழுத்துக் கட்டிய துணி. விதானம் என்ற சொல்லின் முதற்பொருள் அதுவே அன்றோ? மன்னனுக்கும் தெய்வத்துக்கும் மரியாதையாய் விரிந்த அதே வடிவம் எமது நாட்களிலே இழப்பின் அடையாளமாய் விரிந்தது.

2007ஆம் ஆண்டு செப்டெம்பரிலே, போரின் இறுதிக் கட்டத்தில், முசலிப் பகுதியின் முள்ளிக்குளம் கிராமத்தார் வெளியேற்றப்பட்டனர். அவர்களின் ஊர் கடற்படையின் தளமாயிற்று. போர் 2009இல் முடிந்தது. அவர்களுக்கு ஊர் திரும்பவில்லை. மலங்காட்டிலே மரத்தடியில் கொட்டிலமைத்துக் காத்திருந்தவர்கள், 2017ஆம் ஆண்டு மார்ச்சிலே வீதியோரத்தில் அமர்ந்து போராடினர். ஏப்ரல் இறுதியிலே 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. ஆயினும் அவர்கள் கட்டிய வீடுகள் பல வேலிக்கு உள்ளேயே நின்றன. ஒரு தலைமுறையின் உழைப்பால் எழுந்த விதானத்தின் கீழே வேறொருவர் உறங்க, கட்டியவர் வெளியே நின்ற காட்சி, வெள்ளைத் துணியைக் கட்டிய கைகளின் கதையிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது?

போருக்குப் பின் வீட்டுத் திட்டங்கள் வந்ததை மறுப்பதற்கில்லை. இந்திய அரசின் வீடமைப்புத் திட்டத்தின் கீழ் 2012 முதல் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா பகுதி பகுதியாய் வழங்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் குடும்பங்கள் கல்வீட்டைக் கண்டன. நன்றியோடு நினைக்கத்தக்கது. எனினும் பணம் முகட்டோடு முடிந்துவிடும், விதானத்துக்கு மிஞ்சாது. எத்தனையோ வீடுகளில் பூசாத சுவரும் விதானமற்ற கூரையும், அவற்றை முடிப்பதற்கென்று வாங்கிய கடனும் ஒன்றாய்க் குடியிருக்கின்றன. இரவிலே முகட்டைப் பார்த்தபடி படுத்திருக்கும் குடும்பத் தலைவியின் கண்ணுக்கு, ஓடும் சலாகையும் தெரிவதில்லை. மாதத் தவணைதான் தெரிகிறது. வட்டிக்கு ஏன் உச்சவரம்பு இல்லை என்று அவள் கேட்டால், பொருளியல் அறிஞர் எத்தனை விளக்கம் தந்தாலும் அக்கேள்வியின் நியாயம் குறையாது.

ஆகவே எமது கேள்விக்கு விடையை இவ்வாறு தொகுக்கலாம். எளியோர் எளியோராகவே தோன்றவேண்டும் என்பதற்காக அவர் தலைக்கு மேல் இடப்படும் வரம்பு, அரசன் இட்டாலும் சாதி இட்டாலும் படை இட்டாலும், உடைத்தெறியத் தக்கது. மிகையாய் உடையோரின் அதிகாரத்துக்கு மேல் சமுதாயம் கூடி இடும் வரம்பு நீதியுடையது. ஆனால் எடுத்த பொருள் இன வேற்றுமை, சாதி வேற்றுமை பாராது இல்லாதோர்க்குச் சேரும் அளவுக்கே அது நீதியுடையது. வரம்பிடும் அதிகாரத்துக்கும் ஒரு வரம்பு வேண்டும். அந்த மூன்றாவது வரம்பே அரசு என்ற கூரையின் கீழே மக்கள் கட்டிக்கொள்ளும் விதானம். சட்டத்தின் ஆட்சி, தடையற்ற பேச்சு, கூடிப் போராடும் உரிமை என்பன அதன் துணியும் கயிறும். அது இல்லாத நாட்டிலே நல்ல சட்டமும் நண்பகல் தகரமாய்ச் சுடும்.

துணி விதானம் ஒன்றைத் தனியொருவர் கட்டமுடியாது. ஒரு முனையை ஒருவர் பிடித்து இழுக்கும்போது எதிர் முனையை மற்றொருவர் பிடிக்கவேண்டும். ஒருவர் கைவிட்டால் துணி எல்லோர் தலையிலும் விழும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும், வயலில் நிற்பவரும் வாடியில் நிற்பவரும் தோட்டத்தில் நிற்பவரும் ஆளுக்கொரு முனையைப் பிடிக்கும் நாளிலேதான் இத்தீவிலே அது உயரும். அதுவரை, கல்லால் எத்தனை மாளிகை எழுந்தாலும், அரிப்புக் கரையின் அந்த மாளிகையைப் போல, நாம் கூரையற்ற சுவர்களுக்கிடையே நிற்பவர்களேயாவோம்.